ஒரே வீட்டில் இரண்டாவதும் நான்காவதும்

1

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டுப் பக்கத்துச் சொந்தபந்தங்கள் எல்லோருக்கும் முதலில் ஒரு நல்ல செய்தி. கால்பந்தில் நாம் ஆசியாவிலேயே இரண்டாவது. உங்களுக்குச் செய்தித்தாள் தாமதமாக வந்திருக்கலாம். வந்தும், விளையாட்டுப் பக்கத்தை யாரோ வேர்க்கடலை மடிக்கக் கிழித்திருக்கலாம். அதனால்தான் கடல் கடந்து ஹாங்காங்கில் உட்கார்ந்திருக்கும் நான் மெனக்கெட்டு எழுதுகிறேன். மொத்தம் நான்கே நாடுகள்தானே ஆடின என்று யாராவது குறுக்கே பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்றாவதாக வந்த கொரியாக்காரனைக் கேட்டால் தெரியும், இரண்டாவது என்றால் என்னவென்று.

இந்த 1964 ஜூனோடு நான் இங்கே வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கவுலூன் பக்கம் ஒரு சிந்திக்காரரின் ஜவுளி ஏற்றுமதிக் கடையில் கணக்குப்பிள்ளை வேலை. நகரித் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் என்பதால் துணியைத் தொட்டே நூல் ரகம் சொல்வேன். அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் கப்பலேறினேன். வீட்டில் மூன்று பேர். நான், மனைவி சரோஜா, பதினோரு வயது மகள் வசந்தா. நாலாம் மாடியில் ஒரே அறை. அதில் பாதியைத் தண்ணீர் வாளிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

வாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் முழுக்க இங்கே மழை பொய்த்துவிட்டது. நாலு நாளைக்கு ஒரு தடவை, நாலு மணி நேரம் குழாயில் தண்ணீர் வரும். ஊரே வாளியும் குடமும் டின்னுமாக வரிசையில் நிற்கும். நகரி ஆற்றில் மணல் மட்டும் ஓடுவதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. "இதுக்கா மாமா இத்தினி தூரம் வந்தோம்" என்று சரோஜா சிரித்தாள். மே மாதக் கடைசியில் புயல் வந்து கொட்டித் தீர்த்தது. அதே வாரம்தான் கோப்பையும் தொடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

2

இந்தக் கோப்பைக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஆசியக் கோப்பை என்று ஒன்றை முதன்முதலாக நடத்தியதே இந்த ஹாங்காங்கில்தான், 1956 செப்டம்பரில். நான் சித்தூர் உயர்நிலைப் பள்ளியில் வெறுங்காலோடு இடது ஓரம் ஆடியவன். செய்தியைக் கேட்டதும் சரோஜாவைப் புளிசோறு கிளறச் சொன்னேன். மூன்று வயது வசந்தாவைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். சட்டைக்குள் ஒரு மூவர்ணக் கொடியையும் மடித்து வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவரை விசாரித்தேன். இந்தியா என்றைக்கு ஆடுகிறது? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஹாங்காங், கொரியா, இஸ்ரேல், வியட்நாம், இந்த நாலுதான். இந்தியா போட்டிக்குப் பெயரே கொடுக்கவில்லை. ஆசியா என்று பெயர் வைத்த பிறகு அதில் இந்தியா இருக்குமா என்று எவனாவது கேட்பானா? நான் கேட்கவில்லை. கொடியைச் சட்டைக்குள்ளேயே விட்டுவிட்டுப் புளிசோற்றைப் பிரித்தேன்.

வந்ததற்கு யாருக்காவது கத்த வேண்டுமே! எதிரே கொரியா, இந்தப் பக்கம் ஹாங்காங். குடியிருக்கிற ஊருக்கே கத்துவோம் என்று முடிவு செய்தேன். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக முடிந்தது. பின்னால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன கொரியாவை ஹாங்காங் மடக்கிப் போட்டது. நான் கத்திய கத்தலில் தோளில் இருந்த குழந்தையும் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு "ஹாங்காங், ஹாங்காங்" என்று கத்தியது. வீட்டுக்கு வந்தும் நிறுத்தவில்லை. எட்டு வருஷமாகியும் நிறுத்தவில்லை. ஆக, மகள் மாற்று அணிக்குப் போனதற்குக் குற்றவாளி வேறு யாருமில்லை, நானேதான்.

அந்தக் கோப்பை முடிந்து இரண்டு மாதத்துக்குள் ஊரில் ஆந்திரப் பிரதேசம் உதயமானது. அதை நான் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

3

வெளியூரில் இருப்பவனுக்கு இது ஒரு தொல்லை. நாம் இருந்த இடத்திலேயே இருப்போம், ஊர் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். நான் கப்பலேறியபோது சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்தது. அடுத்த வருஷம் ஆந்திர ராஜ்யம். அப்புறம் ஆந்திரப் பிரதேசம். அதோடு விட்டார்களா? இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி, 1960 ஏப்ரல் முதல் தேதியில் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்களைச் சென்னை ராஜ்யத்துக்கு மாற்றினார்கள். நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன.

எங்கள் வீட்டுக்கு இதனால் என்ன வந்தது என்று சொல்கிறேன். என் தகப்பனார் ஊர் எட்டிகுப்பம், நகரிக்குப் பக்கம். என் அம்மா ஊர் கரிமேடு, பள்ளிப்பட்டுப் பக்கம். நடுவே மூன்று மைல். சரோஜா என் தாய்மாமன் மகள், அதனால் அவளும் கரிமேடு. 1960 ஏப்ரலில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது நான் ஆந்திராக்காரன், என் மனைவி மெட்ராஸ்காரி. இரண்டு பேரும் ஹாங்காங்கில் ஒரே பாயில்தான் படுத்திருந்தோம்.

"மாமா, இனிமே எங்க ஊருக்கு வர்றதுன்னா கேட்டுட்டு வா. வேற ராஜ்யம்," என்றாள் சரோஜா.

"உங்க அப்பன் ஊருக்கு எதுக்குடி நான் வரேன்? திருப்பதி எங்க பக்கம் இருக்குது. நீதான் எங்ககிட்ட வரணும்."

"திருப்பதி பெருமாளு சொன்னாரா, நான் உன் பக்கம்னு?"

இப்படியே நான்கு வருஷம் ஓடியது. இது விளையாட்டாக மட்டும் நிற்கும் என்றுதான் நினைத்தேன்.

4

போன கார்த்திகையில் என் தங்கை மங்காவிடமிருந்து கடிதம் வந்தது. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தம், திருப்பதி மலைமேல். தகப்பனார் போய் மூன்று வருஷமாகிறது. தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் நானும் சரோஜாவும். மங்கா சுற்றி வளைக்கிறவள் இல்லை. "அண்ணா, நீயும் அண்ணியும் தாரை வாத்தாதான் நான் மணையில குந்துவேன். இல்லன்னா மாப்ளை ஊட்டுக்காரங்க வந்த பஸ்லயே திரும்பிப் போவட்டும். நைனா எடத்துல வேற எவனையும் நான் பாக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

போகத்தான் வேண்டும். ஆனால் என் பாஸ்போர்ட்டு காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் நாட்டு அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பிறந்த ஊர் என்று கேட்டிருந்த கட்டத்தில் எட்டிகுப்பம் என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் எவனைக் கேட்டாலும் இப்படித்தான் எழுதுவான். தலைச்சன் பிள்ளை தாய்வீட்டில் பிறக்கும். மூன்றாம் மாதம் சீரோடு தகப்பன் வீட்டுக்கு வந்து சேரும். அதற்கப்புறம் பிள்ளையின் ஊர் என்றால் தகப்பன் ஊர்தான். பிரசவம் எங்கே நடந்தது என்பது பெண்டுகள் பேசிக்கொள்கிற விஷயம், அதைப் போய் சர்க்கார் கேட்குமா? ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் பாஸ்போர்ட்டு எடுத்தபோது, அங்கிருந்த குமாஸ்தா குடைந்து குடைந்து கேட்டுக் கரிமேடு என்று எழுதியிருக்கிறார். அன்றைக்கு இரண்டும் ஒரே ஜில்லா, யாருக்கும் அக்கறையில்லை. இன்றைக்கு ஒன்று ஆந்திரா, இன்னொன்று மெட்ராஸ்.

அலுவலகத்தில் என் ஃபைலைப் பார்த்தவர் குருவில்லா என்ற மலையாளி. நல்ல மனிதர், ஆனால் தாளில் இல்லாத எதையும் நம்பாதவர். "ஒரு ஆள் ரெண்டு ஊர்ல பிறக்க முடியுமோ?" என்று கேட்டார். இரண்டு ராஜ்யங்களுக்கும் விசாரணைக் கடிதம் போனது. இரண்டு இடத்திலிருந்தும் வந்த பதில் ஒன்றுதான்: இல்லை.

மங்கா சும்மா இருக்கவில்லை. புத்தூர் போய் ரயிலேறி, பாகாலாவில் வண்டி மாறிச் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு தடவை போனாள். திருத்தணிக்கு மூன்று தடவை. "சித்தூர்ல போய் நின்னா லேதுன்றான். திருத்தணில போய் நின்னா இல்லன்றான். ரெண்டு பாசையிலயும் நீ இல்லாத ஆளு அண்ணா" என்று எழுதினாள். படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் காலண்டரை எடுத்து நாள் எண்ணினேன். ஆவணிக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஆடிப் பிறப்புக்குள் கப்பலேற வேண்டும்.

குருவில்லாவிடம் ஏழு மாதம் நடந்தேன். நடந்ததில் ஒரு லாபம், அவரும் பந்துப் பைத்தியம் என்று தெரிந்தது. இரண்டாவது கோப்பைக்கான தகுதிச் சுற்று 1959 டிசம்பரில் எறணாகுளத்தில் நடந்தபோது நேரில் பார்த்திருக்கிறார். இந்தியா நாலு பேரில் கடைசி. "சொந்த மண்ணுல, என் கண்ணு முன்னாடி!" என்று மேசையைத் தட்டினார். நான் முதல் கோப்பையில் கொடியோடு போய்ப் புளிசோறு தின்ற கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து ஃபைலை மூடி, "அடுத்த வாரம் வாருங்கோ" என்றார்.

5

இந்த வருஷம் இந்தியா கோப்பைக்குத் தகுதி பெற்ற கதை கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். நம் பிரிவில் மற்றவர்கள் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். பந்தைத் தொடாமலே உள்ளே போய்விட்டோம். போன இடம் இஸ்ரேல். அங்கே முதல் ஆட்டத்திலேயே, இரண்டு தடவையும் கோப்பை வாங்கிய கொரியாவை இரண்டுக்கு சைபர் என்று அடித்தார்கள். அதே வாரம் பிரதமர் காலமான செய்தியும் வந்தது. அன்றைக்குக் கடையில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள் யாரும் உரக்கப் பேசவில்லை. அடுத்த ஆட்டத்தில் இஸ்ரேலிடம் தோற்றோம். கடைசி ஆட்டம் யாரோடு தெரியுமா? ஹாங்காங்கோடு.

வீடு இரண்டாகப் பிரிந்தது. அப்போதுதான் வசந்தா மெதுவாக வாயைத் திறந்தாள்.

"நைனா, நான் கல்யாணத்துக்கு வரல. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் சான் மாமா ஊட்டுல இருக்கறேன்."

சான் பக்கத்து அறைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். வசந்தா பிறந்தபோது சரோஜாவால் தாய்வீட்டுக்குப் போக முடியவில்லை. சானின் மனைவிதான் கூடவே இருந்து பிரசவம் பார்த்தாள், இஞ்சியும் கருப்பு வினிகரும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள்.

"ஏன் வரலன்ற?"

"நான் பேசனா சிரிப்பாங்க. போன வருசம் கப்பல்ல வந்தாரே அந்த நகரி மாமா, அவரே சிரிச்சாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கொரியாவை அடித்த கிறுக்கு இன்னும் இறங்கவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் பந்தயம் கட்டிவிட்டேன். ஹாங்காங் ஜெயித்தால் அவள் இங்கேயே இருக்கலாம். இந்தியா ஜெயித்தால் முணுமுணுக்காமல் வர வேண்டும், வந்து எல்லோரிடமும் தமிழில் பேச வேண்டும். வசந்தா உடனே கைகொடுத்தாள்.

"நல்லாக்கீதே நாயம்! பெத்த பொண்ண கல்யாணத்துக்கு இட்டுகினு போறதா வாணாமான்னு எங்கியோ உருள்ற பந்து சொல்லணுமா?" என்று சரோஜா கரண்டியோடு வந்தாள். "அதுவுமில்லாம உனுக்கே பாஸ்போட்டு வரல. நீ மொதல்ல போறியா பாரு!"

நியாயமான பேச்சு. ஆனால் கைகொடுத்துப் பந்தயம் முடிந்துவிட்டதே!

ஆட்டத்தைக் கேட்க வழியில்லை. முடிவு காலைச் செய்தித்தாளில்தான் வரும். அதுவும் முதலில் தெருமுனைக்கு வருவது சீனப் பத்திரிகை, அதைப் படிக்கத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் வசந்தா ஒருத்திதான். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள்.

"மூணு ஒண்ணு," என்றாள்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

நான் ஒரு குதி குதித்தேன். நாலாம் மாடிக் கதவுகள் எல்லாம் திறந்தன. சான் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டார். பிறகுதான் வசந்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் நினைத்திருந்தால் மாற்றிச் சொல்லியிருக்கலாம், மத்தியானம் வரையிலாவது நான் நம்பியிருப்பேன். சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வரேன்," என்றாள். "பேசறேன்."

6

மகள் பெயரையும் என் பாஸ்போர்ட்டில் சேர்க்க வேண்டும், அதற்கு அவள் நேரில் வர வேண்டும். மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு படகேறி அலுவலகத்துக்குப் போனேன். குருவில்லா எழுந்து நின்று மேசைக்கு மேலாகவே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மூணு ஒண்ணு! எறணாகுளத்துக் கடனெல்லாம் தீர்ந்தது!"

"ஆசியாவுல ரெண்டாவது சார்!"

வரிசையில் நின்ற பஞ்சாபிக்காரர் ஒருவரும் எதற்கென்று தெரியாமலே எங்கள் கையைக் குலுக்கினார். நாங்கள் அங்கேயே ஆடியிருப்போம். அதற்குள் குருவில்லா உட்கார்ந்து என் ஃபைலைத் திறந்தார், அவர் முகம் பழையபடி தாளாகிவிட்டது.

"நான் என்ன செய்ய? ரெண்டு ராஜ்யமும் இல்லைன்னு எழுதியிருக்கு."

"இன்னான்னு எழுதிக்கிறாங்க? படிங்க," என்றாள் வசந்தா. பெரியவர்களிடம் இப்படிப் பேசாதே என்று நான் அவள் தோளைத் தொட்டேன். குருவில்லாவுக்கு அன்றைக்கு நல்ல மனசு, படித்தார்.

சித்தூரிலிருந்து வந்தது: மேற்படி ஆள் எட்டிகுப்பத்தில் பிறந்ததாகப் பதிவு இல்லை, தகப்பனார் வீடும் நிலமும் மட்டும் அவ்வூரில் உள்ளன. திருத்தணியிலிருந்து வந்தது: மேற்படி ஆள் கரிமேட்டில் குடியிருந்ததில்லை, பிறப்புப் பதிவேட்டில் பெயர் மட்டும் உள்ளது.

ஏழு மாதமாக எங்களுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்திருந்தது.

"அப்ப எல்லாம் கரெக்டாதானே கீது?" என்றாள் வசந்தா. "தைவான் டீம் மாதிரி."

"தைவானா?"

"சான் மாமா சொல்வாரு. போன கோப்பைல, சியோல்ல, தைவான் மூணாவது வந்துச்சி. ஆடனவங்க எல்லாம் எங்க ஹாங்காங்குக்காரங்க. இங்கியே இருந்துகினு அவங்களுக்கு ஆடனாங்க. தைவான்ல போயி, இவரு உங்க ஊர்க்காரரான்னு கேட்டா இல்லம்பாங்க. ஹாங்காங்ல வந்து, இவரு உங்க டீமான்னு கேட்டா இல்லம்பாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல. எங்க நைனா கரிமேட்டுல பொறந்தாரு, எட்டிகுப்பத்துக்கு ஆடறாரு."

குருவில்லா இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒன்றில் பிறப்பு இருக்கிறது, இன்னொன்றில் குடும்பம் இருக்கிறது. பழைய பாஸ்போர்ட்டைத் திறந்து கரிமேடு என்ற பெயரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எட்டிகுப்பத்தை அடிச்சு, கரிமேடுன்னு எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போடும். பத்து நாள்ல வாங்கிக்கோ." கொஞ்சம் நிறுத்தி, "இதை முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்.

அவர் பேனாவையே வாங்கிக்கொண்டேன். சொன்னபடி அடித்து, எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மகளுடைய தாளை எடுத்தார். "குட்டி எங்க பிறந்தது?"

"ஹாங்காங்."

தாளில் அதற்கு மேல் கட்டம் இல்லை. ஆனால் அவருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "சொந்த ஊர்?"

நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எட்டிகுப்பம். பந்துல, பொறந்த ஊரு தோத்துப்போச்சி, சொந்த ஊரு ஜெயிச்சிச்சி. எனுக்கு ரெண்டும் வேணும். எழுதிக்கோங்க."

பார்த்தே இராத ஊர். அந்தப் பெயரை அவள் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தவன் அழக் கூடாது என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7

திரும்பும் படகில் அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஹாங்காங் அடிச்ச அந்த ஒரு கோலு நல்ல கோலும்மா," என்றேன்.

"நீ பாத்தியா?"

"இல்ல."

"நானும் பாக்கல," என்றாள். அப்புறம் சிரித்துவிட்டாள். உண்மையில், மூன்றோடு அந்த ஒன்றும் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். அதை அவளிடம் சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை, என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பத்தாம் நாள் பாஸ்போர்ட்டு கைக்கு வந்தது. ஆடிக்கு முன்னால் கப்பலில் இடமும் கிடைத்தது. மங்காவுக்குத் தந்தி கொடுத்தோம். மூவரும் வருகிறோம் என்று மட்டும் எழுதினேன். வசந்தா போதாது என்றாள். ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். அன்றைக்கு இருந்த கும்மாளத்தில் சரி என்றேன். ஆசியாவில் இரண்டாவதும் நான்காவதும் வருகிறார்கள் என்று ஆங்கிலத்தில் அவளே எழுதினாள். இரண்டாவது என் இந்தியா, நாலில் கடைசியாக வந்த நான்காவது அவளுடைய ஹாங்காங். சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். சரோஜாவின் கூறைப்புடவைக்கு நடுவே, கசங்காமல், சீனப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஹாங்காங் அணியின் படம் ஒன்று இருக்கிறது. வைத்தவள் யாரென்று யாரும் கேட்கவில்லை. இந்தக் குறிப்பை முடித்துத் தபாலில் சேர்க்கலாம் என்று இருந்தபோது மங்காவின் பதில் வந்தது. நகரி போஸ்ட்மாஸ்டர் தந்தியைப் படித்துத் தெலுங்கில் அர்த்தம் சொல்லியிருக்கிறார். அவள் எழுதியது இவ்வளவுதான்:

"அண்ணா, தந்தி வந்துச்சி. நீ, அண்ணி, கொழந்த மூணு பேரும் வர்றீங்க, சந்தோசம். நான் மணையில குந்தறேன். கூட ரெண்டு பேரு வர்றாங்கன்னு போட்டுக்கிற. யாருன்னு போஸ்ட்மாஸ்டருக்கும் புரியல. அவங்களுக்கும் எலை போடச் சொல்லவா?"

வசந்தாவிடம் படித்துக் காட்டினேன். பேனாவைப் பிடுங்கி, இந்தக் குறிப்பின் அடியிலேயே, தன் அத்தைக்கு, தன் கையால், தமிழில், கோணல்மாணலாக ஒரே வார்த்தை எழுதினாள்.

போடு.